ஆடாத ஆட்டம்

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் காஞ்சீபுரத்து ஜனங்களுக்கு வேறு நினைவு கிடையாது, கருட சேவைதான். விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கருடன்மீது எழுந்தருளிக் கோபுர வாசலைக் கடக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்காகச் சின்னக் காஞ்சியின் வீதிகள் முதல் நாள் இரவே நிரம்பிவிடும். 2019-ஆம் வருஷத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை குளத்தை விட்டு வெளியே வரும் அத்தி வரதர், ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையில் தரிசனம் கொடுத்தார். வந்தவர்கள் ஒரு கோடிப் பேர் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். அந்த நெரிசலில் அகப்பட்டு விழி பிதுங்கியவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். "இதே வீதியில் காக்கையையும் போலீஸ்காரரையும் தவிர ஒரு ஜீவன் இல்லாமல் இருக்கப்போகிறது" என்று அப்போது யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால், வெயில் அவருக்குத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்திருப்போம்.

எட்டு மாதங்கூட ஆகவில்லை, ஜோசியம் பலித்துவிட்டது. 2020 மார்ச்சு 25-ந் தேதி தேசம் முழுவதும் கதவடைத்துக்கொண்டது. அந்த வைகாசியிலும் அடுத்த வைகாசியிலும் பெருமாள் வீதிக்கு வரவில்லை. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. முகூர்த்த காலத்துக்கென்று நெய்த சேலைகள் மடித்த மடிப்புக் கலையாமல் பீரோக்களில் தூங்கின. கலியாணங்கள் நடக்காமல் இல்லை; ஆனால் பெண், பிள்ளை, புரோகிதர், இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் என்று நடக்கும் கலியாணத்துக்கு எத்தனை பட்டுச் சேலை வேண்டியிருக்கும்? பிள்ளையார்பாளையத்தில் தறிகள் நின்றன. பாவு ஏற்றிய தறி பாவோடும், பாதி நெய்த சேலை பாதியோடும் அப்படியே நின்றன.

தறியோசை நின்ற அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் வேறோர் ஓசை எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பிற்பகல் நான்கு மணிக்கு, 'தட்', 'தட்' என்று ஒரே சீராக, அரை மணி நேரம். முதலில் யாரோ நெல் குத்துகிறார்கள் என்றே எண்ணினேன். மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. நெசவாளர் வீடொன்றின் கொல்லைச் சுவரில், கலாசாலையில் படிக்கும் பிள்ளை ஒருவன் கால்பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். சுவரில் அடித்துத் திரும்பும் பந்தை இடது காலால் நிறுத்துவான், மறுபடி அடிப்பான். தறி ஓடும் காலமாயிருந்தால் தகப்பனார் ஒரு நிமிஷம் பொறுத்திருக்க மாட்டார். இழை அறுந்தால் பிணைப்பது யார்? இப்போது அறுவதற்கு இழை ஓடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை 2019 ஜூனில் கலாசாலையில் சேர்ந்தவன். மூன்று வருஷப் படிப்பு. முதல் வருஷத்தில் கலாசாலைக் கோஷ்டியில் இடம் கிடைத்தது என்றாலும், கிடைத்தது பெரும்பாலும் மைதானத்தின் ஓரத்தில் மாற்று ஆட்டக்காரனாக உட்காரும் பாக்கியந்தான். இதில் குறை சொல்ல இடமில்லை. எல்லாக் கலாசாலைகளிலும் வழக்கம் அதுவே. முதல் வருஷத்தான் உட்கார வேண்டும். இரண்டாம் வருஷத்தான் ஆட வேண்டும். மூன்றாம் வருஷத்தான் மற்றவர்களை அதட்ட வேண்டும்!

விளையாட்டில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இந்த ஏற்பாட்டைச் சிறிது விளக்கிவிடுகிறேன். ஒரு சர்வகலாசாலையைச் சேர்ந்த கலாசாலைகள் முதலில் தங்களுக்குள் ஆடும். அதில் திறமை காட்டுகிறவர்களைப் பொறுக்கிச் சர்வகலாசாலைக் கோஷ்டி அமைப்பார்கள். அது தென் மண்டலப் பந்தயத்துக்குப் போகும். அங்கே முன்னணியில் நின்றால் அகில இந்தியப் பந்தயத்துக்குப் போகும். சர்வகலாசாலையின் சார்பில் ஆடினான் என்பதற்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பார்கள். பார்வைக்கு அது சாதாரணக் காகிதம். ஆனால் விளையாட்டு வீரர்களுக்கென்று மத்திய சர்க்கார் ஒதுக்கும் உத்தியோகங்களுக்கு மனுப் போடும்போது, சர்வகலாசாலை ஆட்டக்காரருக்கென்றே தனியாக ஒரு நமூனா உண்டு. ரயில்வேயிலோ, தபால் இலாகாவிலோ, போலீஸிலோ நுழைவதற்கு அந்தக் காகிதம் ஒரு சாவி. தறியை விட்டு வெளியேற வேறு வாசல் இல்லாத வீட்டில், அந்தச் சாவியின் மதிப்பு எவ்வளவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனித் தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச்சு 17-ல் தமிழ்நாட்டுக் கலாசாலைகள் மூடப்பட்டன. இறுதி வருஷ மாணாக்கருக்கு மட்டும் டிஸம்பர் 7-ல் திறந்தார்கள். மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8-ல்தான் உள்ளே போனார்கள். நாற்காலி சூடேறுவதற்குள், மார்ச்சு 23-ல், திரும்பவும் பாடங்கள் கைப்பேசிக்குள் போய்விட்டன. இரண்டாவது அலை வந்து, ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டையாவது அழவைத்துவிட்டுப் போயிற்று. செப்டம்பர் 1-ல் கதவு திறந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூடியது. பிப்ரவரி 1-ல் மறுபடி திறந்தது. ஏப்ரல், மே என்றால் பரீட்சை. பரீட்சை முடிந்தால் படிப்பும் முடிந்தது.

உட்கார வேண்டிய வருஷம் மட்டும் அவனுக்குக் கிடைத்தது. ஆட வேண்டிய வருஷம் போயிற்று. அதட்ட வேண்டிய வருஷமும் போயிற்று.

"படிப்பு நின்று போகவில்லையே, அதைச் சொல்லுங்கள்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். கைப்பேசி வழியாகப் பாடம் நடந்தது. வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினார்கள். பாக்கிப் பரீட்சைகளுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் எல்லாரும் தேறினதாக 2020 ஆகஸ்டில் சர்க்கார் அறிவிக்க, பையன்கள் சுவரெல்லாம் நன்றி விளம்பரம் ஒட்டினதும், விவகாரம் ஹைகோர்ட்டு வரையில் ஏறினதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். கணக்கையும் சரித்திரத்தையும் கைப்பேசியில் கற்பிக்க முடிந்தது. ஆனால் பந்தைக் கைப்பேசியில் உதைக்க முடியாது. பதினொருவர் பதினொரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு கோஷ்டியாக இருக்கவும் முடியாது. கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து கரைக்கும் உடலுக்கும் கை மாற்றி நாடா போடுவதைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஒருவன் எழுந்து போனால் மற்றவன் எவ்வளவு சமர்த்தனானாலும் தறி ஓடாது.

பீரோவில் தூங்கின சேலைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பட்டுக்கு வயசில்லை. 2020-ல் விற்காத சேலையை 2022-ல் எடுத்து உதறி, விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினால், ஜரிகை முன்போலவே ஜொலிக்கும். வட்டி நஷ்டமாயிருக்கலாம், சேலை நஷ்டமில்லை. உற்சவ மூர்த்திக்கும் அப்படியே. 2022 வைகாசியில் பெருமாள் கருடன்மேல் திரும்பி வந்தபோது அவருக்கு இரண்டு வயசு கூடிவிடவில்லை. இருபது வயசுப் பிள்ளையின் கால்களுக்கு மட்டும் அந்தச் சௌகரியம் கிடையாது.

*

இந்த விஷயம் நம் ஊரில் மட்டும் நேர்ந்ததல்ல; இந்தக் கொள்ளை நோயோடு முதன்முதல் நேர்ந்ததும் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பு, 1918-ல், முதல் மகாயுத்தத்தின் கடைசி மாதங்களில், இன்புளுயன்ஸா என்னும் விஷ ஜுரம் உலகத்தைச் சுற்றி வந்தது. அந்த ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயில் போகும் இடமெல்லாம் தானும் போய், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை அது கொண்டுபோயிற்று. அவ்வளவு பேர் மாண்ட இடத்தில் பந்து விளையாட்டு நின்றதை யார் எழுதி வைப்பார்கள்? நம்மவர்கள் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்கர்கள் எழுதி வைத்தார்கள். அந்த நாட்டில் கலாசாலைக் கால்பந்து என்பது ஏறக்குறைய ஒரு மதம். ஆனால் அவர்கள் 'கால்பந்து' என்று அழைப்பதைப் பார்த்து ஏமாந்து போகக் கூடாது. பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். முட்டை வடிவமான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை நான்கு பேர் மேலே விழுந்து அமுக்குவதுமே பிரதானம். பெயர் வைத்தவர்கள் எந்த யோசனையில் வைத்தார்களோ! அது கிடக்கட்டும். 1918 அக்டோபரில் சுகாதார அதிகாரிகள் கூட்டம் கூடுவதைத் தடுத்தபடியால் பல கலாசாலைகளின் பந்தயங்கள் ரத்தாயின. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலைக் கோஷ்டி அந்த வருஷம் முழுவதிலும் ஆடியவை ஐந்தே ஆட்டங்கள். ஐந்தும் நவம்பர் 9-க்கும் 30-க்கும் நடுவில். நடுவில் 11-ந் தேதி யுத்தமே முடிந்துவிட்டது! 23-ந் தேதி, அதுவரையில் தோல்வியறியாமல் இருந்து வந்த ஜார்ஜியா டெக் என்னும் கலாசாலையை 32-0 என்று பிட்ஸ்பர்க் தோற்கடித்தது. ஜார்ஜியா டெக் சாமானியக் கோஷ்டி அல்ல. 1916-ல் ஒரு சிறு கலாசாலையை 222-0 என்று நசுக்கிய கோஷ்டி. அதே ஜார்ஜியா டெக் மைதானத்தில், 1918-ல் ஒரு மாணாக்கர் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. கலரியில் வரிசை வரிசையாய் ஜனங்கள். பலருடைய முகத்தில் துணிக் கவசம். 2020-ல் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது நேற்று எடுத்தது போலத்தான் தோன்றியிருக்கும்.

2020-ல் அதே கதை மீண்டும் நடந்தது. ஒஹையோ, மிச்சிகன் என்னும் இரண்டு சர்வகலாசாலைகள் 1918 முதல் ஒரு வருஷம் தவறாமல் மோதி வந்தவை. இரண்டாவது மகாயுத்தங்கூட அந்தப் பந்தயத்தை நிறுத்தவில்லை. 2020 டிஸம்பர் 12-ல் நடக்க வேண்டிய ஆட்டம் மிச்சிகன் கோஷ்டியில் நோய் புகுந்ததால் நின்றது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தப் பருவத்துக் கலாசாலை ஆட்டக்காரர் அனைவருக்கும், ஆடுவதற்கு உரிய வருஷங்களில் ஒன்று அதிகப்படியாகக் கொடுத்தார்கள். போன வருஷத்தைப் போனதாகக் கணக்கில் வைக்கவில்லை. கலாசாலை ஆட்டத்தில் கோடிக்கணக்கான டாலர் புரளும் தேசம் அது. பணத்துக்காகச் செய்தார்களோ, பரிவால் செய்தார்களோ, செய்தது நல்ல காரியம் என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. அது நம் தேசத்திலேயே நடந்தது. 17 வயசுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையை 2020 நவம்பரில் இந்தியாவில் நடத்துவதாக இருந்தது. போட்டியை நடத்தும் தேசம் என்ற முறையில் நம் பெண்களுக்கு இடம் நிச்சயம். அதற்காகவே ஒரு கோஷ்டியைத் தயார் செய்து வந்தார்கள். நோய் காரணமாகப் பந்தயம் முதலில் 2021-க்குத் தள்ளிப்போயிற்று, பிறகு ரத்தாயிற்று. அதற்கு ஈடாக இந்தியாவுக்கு 2022 போட்டி கொடுக்கப்பட்டது. தேசத்துக்குப் போட்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 2022 போட்டியில் ஆட வேண்டுமானால் 2005 ஜனவரி 1-ந் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2003-லும் 2004-லும் பிறந்தவர்களுக்கு வயசாகிவிட்டது! பதினெட்டு வயசில் ஒருவரை "உனக்கு வயசாகிவிட்டது, அம்மா" என்று அனுப்பி வைக்கும் தொழில் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

*

எங்கள் தெருப் பிள்ளையின் நஷ்டம் பத்திரிகையில் வரவில்லை. பத்திரிகையில் வந்து, தேசமெல்லாம் பார்த்து, பிறகு சீக்கிரமே மறந்த ஒரு நஷ்டத்தை இனிச் சொல்கிறேன். அதில் நம் தமிழ்ப் பெண்கள் ஐவருக்குப் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள் என்பதே நம்மில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். 2018 பிப்ரவரியில், கட்டக் நகரத்தில், மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய வெற்றி பெற்றார்கள். கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்களை வெல்வதாவது! வேட்டி கட்டுவதில் நம்மை ஒரு வடநாட்டார் வென்றது போல அது ஆச்சரியமான சம்பவம். மறு வருஷம் மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது கோஷ்டி, தேசிய மகளிர் லீக் வெற்றியைக் கொண்டுவந்தது. கடலூர் ஜில்லா இந்த விளையாட்டின் ஒரு விளைநிலம். இந்திரா காந்தியின் பெயரால் அங்கே நடக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கூடமும் அந்தத் தேசிய லீகில் ஆடியிருக்கிறது.

கடலூர்ப் பெண்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன். நடு மைதானத்தில் ஆடுகிறவர். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட் நகரில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரை இறுதியில், வங்காள தேசத்துக்கு எதிராக இந்தியா போட்ட நான்கு கோல்களில் இரண்டு அவருடையவை. அவருக்குத் தொழில், தமிழ்நாட்டுப் போலீஸில் ஸப்-இன்ஸ்பெக்டர். கொரோனாவால் தேசம் கதவடைத்தபோது, மற்ற ஆட்டக்காரர்கள் எங்களூர்ப் பிள்ளையைப் போல வீட்டுச் சுவரோடு ஆடிக்கொண்டிருக்க, இவர் காக்கி உடுப்புடன் சென்னை வீதிகளில் காவல் நின்றார். ஊரார் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக வெளியே நின்றவர்களில் ஒருவர் அவர்.

ஆட்டமோ அடியோடு நின்றிருந்தது. மாகாணங்களுக்கு இடையிலான பெண்கள் தேசியப் பந்தயம் 2019 செப்டம்பருக்குப் பிறகு 2021 நவம்பரில்தான் நடந்தது. தேசிய லீக் 2020 பிப்ரவரி 14-க்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் ஆரம்பமாயிற்று. சர்வகலாசாலைகளுக்கென்று ஏற்பட்ட 'கேலோ இந்தியா' விளையாட்டுக்களின் முதல் விழா 2020 மார்ச்சு 1-ந் தேதி புவனேசுவரத்தில் முடிந்தது. இரண்டாவது விழா 2022 ஏப்ரல் 24-ல் பெங்களூரில் தொடங்கிற்று. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் இரண்டு வருஷப் பள்ளம்.

அந்தப் பள்ளத்தைத் தாண்டி வெளியே வரும் சமயத்தில் ஓர் அருமையான வாய்ப்புக் கிடைத்தது. ஆசியப் பெண்கள் கோப்பைப் போட்டி 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நடந்தது. இந்தியப் பெண்கள் அந்தப் போட்டியில் கடைசியாக ஆடியது 2003-ல். இந்த முறை நன்றாய் ஆடிக் கால் இறுதியை அடைந்தால், 2023 உலகக் கோப்பைக்குச் செல்லும் பாதை கண்ணுக்குத் தெரியும். ஸ்வீடன் தேசத்துப் பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி பொறுக்கிய 23 பேரில் ஐவர் தமிழ்நாட்டவர்: இந்துமதி, சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன், கார்த்திகா அங்கமுத்து, கோல் காக்கும் சௌமியா நாராயணசாமி.

ஜனவரி 20-ந் தேதி நவி மும்பையில் முதல் ஆட்டம். எதிரி ஈரான். நம்மவர்கள் பந்தைத் தங்கள் வசமே வைத்திருந்தார்கள். எதிரியின் கோலருகே பல முறை போனார்கள். கோல் மட்டும் விழவில்லை. 0-0 என்று முடிந்தது. போகட்டும், 23-ந் தேதி சீனத் தைபேயுடன் ஆட்டம் இருக்கிறது, 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று, சீனாவுடன் இருக்கிறது என்று எல்லாரும் தேற்றிக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்கள் வெளியாரோடு கலக்காதபடி ஒரே விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது போல அடிக்கடி மூக்கில் குச்சி விட்டுச் சோதனை நடந்தது. இருந்தும் நோய் உள்ளே நுழைந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு முன்பே இருவருக்கு. 23-ந் தேதி வந்த சோதனை முடிவில், பன்னிரண்டு பேருக்கு. காயம் பட்டவர்களையும் கழித்தால், ஆடுவதற்கு நிற்கக்கூடியவர்கள் 13 பேர் இல்லை. பதின்மூன்று பேருக்குக் குறைந்தால் அந்தக் கோஷ்டி போட்டியிலிருந்து விலகியதாகவே கொள்ளப்படும் என்பது, இந்த நோய்க்காகவே வகுத்த விசேஷ விதி. சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆட்டம். சீனத் தைபேப் பெண்கள் மைதானத்துக்கு வந்து, பந்தை உதைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் வரவில்லை. ஆட்டம் நடக்காது என்று அறிவித்தார்கள்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதுதான் என் மனத்தை அதிகமாக உறுத்தியது. விலகிய கோஷ்டி அதற்கு முன் ஆடிய ஆட்டமும் செல்லாது என்பது விதி. ஆகவே 20-ந் தேதி ஈரானோடு தொண்ணூறு நிமிஷம் ஓடினார்களே, அதுவும் கணக்கிலிருந்து எடுபட்டது. ஆடாத ஆட்டம் போனதுமல்லாமல், ஆடிய ஆட்டமும் ஆடாததாயிற்று. அந்தப் பிரிவின் அட்டவணையில் இந்தியா என்ற பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.

யாருடைய பிசகு, விடுதியில் நோய் எப்படி வந்தது என்று பிறகு பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. விதியைத் தளர்த்தி ஆட்டத்தை இரண்டு நாள் தள்ளி வைத்திருக்கலாகாதா என்றும் கேட்டார்கள். மற்றத் தேசத்தாருடைய ஆட்டங்கள் அடுத்தடுத்து நிற்கையில் தள்ளி வைப்பது சுலபமல்ல என்பது உண்மையே. ஆனால் ஒன்று சொல்லலாம். விதியை வகுத்தவர்கள் நோயை நினைத்துத்தான் வகுத்தார்கள். நோயில் விழுகிறவர்களை நினைத்து ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

சீனத் தைபே மேலே சென்றது. கால் இறுதியில் பிலிப்பைன்ஸிடம் தோற்றது. அந்த வெற்றியால் உலகக் கோப்பைக்குப் போன பிலிப்பைன்ஸ் பெண்கள், 2023-ல் நியூசீலந்தை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள். அதுவரையில் உலகக் கோப்பையையே கண்டிராதவர்கள் அவர்கள். அந்த இடத்தில் நம்மவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வீண் பெருமை. இருந்திருக்க முடியுமா முடியாதா என்பதைக் கால்களால் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அது போயிற்று.

தமிழ்நாட்டுப் பெண்கள் சோர்ந்துவிடவில்லை. 2023 ஜூனில் அமிருதசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று, இரண்டாம் முறையாகத் தேசியப் பட்டத்தைக் கொண்டு வந்தார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்தில் நடந்த தகுதிப் போட்டியில், ஈராக்குக்கு எதிராக இந்தியா போட்ட ஐந்து கோல்களில் ஒன்று கார்த்திகா அங்கமுத்துவின் காலிலிருந்து போயிற்று. அந்தப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தையே 2-1 என்று தோற்கடித்து, இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தகுதிப் போட்டியின் வழியே ஆசியக் கோப்பைக்கு இடம் சம்பாதித்தார்கள்.

*

எங்கள் தெருப் பிள்ளை இப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். பி.காம். தேறிவிட்டான், சாவிதான் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பழைய சிநேகிதர்களோடு மைதானத்துக்குப் போகிறான். 2025 ஜூலை மாதக் கடைசியில், எங்கள் வீட்டில் ஒரு கலியாணத்துக்காகச் சேலை எடுக்கப் போயிருந்தபோது, கல்லாவுக்கு அருகில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"ஸார், பார்த்தீர்களா? 2026 ஆசியக் கோப்பைக்கு ஸிட்னியில் சீட்டுப் போட்டு விட்டார்கள். நம் பிரிவில் ஜப்பான், வியட்நாம்..."

"நான்காவது யாரப்பா?"

"சீனத் தைபே, ஸார்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "அடே! அன்றைக்கு ஆடாமல் போன ஆட்டமல்லவா?" என்றேன்.

"அதேதான், ஸார். ஆனால் அன்றைக்கு இருந்த இருபத்து மூன்று பேரில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்" என்றவன், மேலே சொல்லாமல் பீரோவைத் திறந்தான். "அம்மாவுக்கு எந்த வர்ணம் பிடிக்கும், ஸார்? இது பழைய சரக்கு. நோய்க் காலத்துக்கு முன் நெய்தது. விலை கொஞ்சம் குறைத்துத் தரலாம்" என்று சொல்லி, மயில்கழுத்து வர்ணத்தில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றை எடுத்து விரித்தான். ஜரிகை புதிது போலவே இருந்தது.